காப்பியும் உறக்கமும்

மாணவர்களே, அந்தமானில் விடியல் சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முந்துகிறது. ஜங்லிகாட் மீன்பிடித் துறையில் கதிரவன் எழுமுன்னரே வேலை தொடங்கிவிடும். விடியலில் ஒன்று, பணிக்கிடையில் ஒன்று, மாலையில் ஒன்று எனத் தேநீரோ காப்பியோ அருந்துவது நம் இல்லங்களில் வழக்கம். களைப்பைப் போக்குவதாக நாம் நம்பும் இப்பானங்கள் உண்மையில் என்ன செய்கின்றன?

இவற்றிலுள்ள காஃபீன் என்னும் பொருளை, 1819ஆம் ஆண்டு ஜெர்மானிய வேதியியலாளர் ரூங்கே காப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். நாம் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சிறிது சிறிதாகச் சேர்கிறது. அது தனக்குரிய இடங்களை அடையும்போது உறக்கம் வருகிறது. காஃபீன் முந்திச் சென்று அவ்விடங்களில் அமர்ந்துகொள்கிறது. துறையில் ஒரு படகின் இடத்தில் மற்றொரு படகு நின்றுவிட்டால், உரிய படகு கரைசேர இயலாதன்றோ? ஆகவே களைப்பு நீங்குவதில்லை, மறைந்து நிற்கிறது.

உடலில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு அருந்திய காப்பியின் பாதி இரவு 11 மணிக்கும் உடலில் இருக்கும். உறக்கம் தள்ளிப்போனாலும் நம் தீவில் விடியல் தள்ளிப்போவதில்லை. குறைவது உறக்கமே, அதனால் மறுநாள் வகுப்பில் கவனம் சிதறும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, நாளொன்றுக்குக் காஃபீன் 300 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்கிறது. 150 மில்லிலிட்டர் வடிகாப்பியில் 80 முதல் 120 மில்லிகிராமும், தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராமும் உள்ளன. சிறுவரின் உடல் எடை குறைவாதலால் அவர்க்கு இன்னும் குறைந்த அளவே மிகுதியாகிவிடும். கோலா பானங்களிலும் காஃபீன் உண்டு. மேலும், தேநீரிலும் காப்பியிலும் உள்ள டானின் உணவின் இரும்புச்சத்தை உடல் முழுமையாக ஏற்கவிடாது. எனவே உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் அவற்றைத் தவிர்த்தல் நன்று.

நாள்தோறும் பழகியவர் திடீரென நிறுத்தினால் தலைவலியும் எரிச்சலும் தோன்றும். சில நாள்களில் அவை தணிந்துவிடும். படிப்படியாகக் குறைத்தால் இத்தொல்லை குறையும். முதலில் மாலைக் காப்பியை விடலாம். பின்னர்ச் சிறிய குவளைக்கு மாறலாம். அதற்கு ஈடாக இளநீர் பருகலாம். சுக்குமல்லிக் காப்பியும் உகந்தது. காப்பித்தூள் சேர்க்காது காய்ச்சினால் அதில் பெயரில் மட்டுமே காப்பி உண்டு!

அருஞ்சொற்பொருள்
பானம் – பருகும் பொருள்
உகந்தது – ஏற்றது
ஈடாக – பதிலாக

வினாக்கள்
1. காஃபீன் களைப்பை நீக்குவதில்லை என்பது ஏன்?
2. மாலைக் காப்பியை முதலில் விடுவதால் விளையும் நன்மை யாது?

செயல்பாடு
உங்கள் இல்லத்தில் ஒரு வாரம் அருந்தப்படும் தேநீர், காப்பி ஆகியவற்றை நேரத்துடன் அட்டவணைப்படுத்துக. எதனைக் குறைக்கலாம் எனப் பெற்றோருடன் கலந்து பேசி ஐந்து வரிகளில் எழுதுக.