முதுமைக்கு ஒரு கூரை

நான் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது. தலைக்குமேல் சொந்தக் கூரையும் உண்டு. என் பள்ளியில் பல்லாண்டுகள் தண்ணீர் சுமந்த மூதாட்டி ஒருவருக்கு இவ்விரண்டும் இல்லை. வாடகை உயர உயர அவர் மும்முறை வீடு மாறினார். ஒவ்வொரு முறையும் ஊரின் ஓரத்தை நோக்கியே நகர்ந்தார். "கை ஓடியவரை வாடகை கொடுத்தேன், ஐயா, இனி எதைக் கொண்டு கொடுப்பேன்?" என்று அவர் கேட்டபோது என்னிடம் விடையில்லை. அக்கேள்விக்கு வேறொரு நாட்டு நகரம் தேடிய விடையை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அமெரிக்க நாட்டின் வடமேற்கில் சியாட்டில் என்னும் துறைமுக நகரம் உள்ளது. விமானத் தொழிலும், பின்னர் கணிப்பொறித் தொழிலும் அங்கே செல்வத்தைப் பெருக்கின. செல்வம் பெருகும் ஊரில் நிலத்தின் விலை ஏறும். வாடகையும் அதைத் தொடரும். முதியவரின் வருவாயோ அவ்வேகத்தில் ஏறுவதில்லை. இதுவே துன்பத்தின் வேர்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீடு கட்ட 100 பங்கு பணம் வேண்டுமெனக் கொள்வோம். வருவாயில் 100-க்கு 30-க்கு மேல் வாடகைக்குச் செல்லலாகாது என்பது அந்நாட்டில் வழங்கும் அளவு. அவ்வளவில் ஏழை முதியவர் தரும் வாடகையைக் கொண்டு தீர்க்கக்கூடிய வங்கிக் கடன் 20 பங்கே என வைத்துக்கொள்வோம். எஞ்சிய 80 எங்கிருந்து வரும்?

ஒரு பகுதி மத்திய அரசின் வழியே வருகிறது. 1959-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் முதியோர் இல்லங்களுக்குக் கடன் வழங்க வழிவகுத்தது. 1986-இல் மற்றொரு முறை பிறந்தது. குறைந்த வாடகை வீடுகளில் முதலீடு செய்வோர்க்கு வருமான வரியில் கழிவு கிடைக்கும். அக்கழிவுக்காகவே அவர்கள் பணம் தருகின்றனர். இவற்றால் 50 பங்கு கிடைத்ததென்போம். இன்னும் 30 குறைகிறது. அது வராவிட்டால் முன்னர் வந்த 70-உம் வீணே. பாதி கட்டிய வீட்டில் யார் குடியிருக்க இயலும்? இக்குறையை நிரப்புவதே நகரத்தின் பணி.

சியாட்டில் நகர மக்கள் 1981-இல் வாக்களித்து, முதியோர் வீடுகளுக்கென ஏறத்தாழ 5 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கு இசைவளித்தனர். அதனால் 1,000-க்கு மேற்பட்ட குடியிருப்புகள் எழுந்தன. பின்னர், குறைந்த வருவாயினர் அனைவருக்குமாக, சொத்துவரியோடு தனி வரியொன்றைச் செலுத்தவும் பன்முறை இசைந்தனர். ஏழாண்டுகளுக்கென 2016-இல் 29 கோடி டாலரும், 2023-இல் 97 கோடி டாலரும் அவ்வாறு ஒப்புதல் பெற்றன.

இப்பணம் பெரும்பாலும் இனாமாகத் தரப்படுவதில்லை. இலாபம் கருதாத சங்கங்களுக்குக் குறைந்த வட்டிக் கடனாகச் செல்கிறது. அசலைத் திருப்பப் பல்லாண்டு தவணை உண்டு. அவ்வளவு நீண்ட தவணை தருபவர்கள் அதைக் கடன் என்று அழைப்பானேன் என்று நீங்கள் கேட்கலாம். கடன் பத்திரம் கட்டடத்தின்மீது பதிந்திருக்கும்வரை நகரத்தின் பிடியும் இருக்கும். 50 ஆண்டுகளேனும் வாடகையைக் குறைவாகவே வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்று ஏழைக்கென்று கட்டி, நாளை செல்வருக்கு விற்க இயலாது.

"பிறர் வீட்டிற்கு என் வரிப்பணம் எதற்கு?" என்று கேட்போர் அங்கும் உளர். நானும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியவன். நகரத்தின் நிலம் விலையேறியது யாரால்? அங்கே சாலையிட்டோரும், குப்பை வாரியோரும், பிள்ளைகளைப் பேணியோரும் அதில் பங்குடையவர் அன்றோ? அவ்வுயர்வே அவர்களை முதுமையில் வெளியேற்றுமாயின் அது நீதியாகாது. வரி ஏழை முதிய வீட்டுடைமையாளரை வருத்தும் என்பது மெய்யான அச்சமே. அதற்கென வரிச்சலுகை தரும் மாநிலச் சட்டமும் அங்குண்டு.

இத்தனை செய்தும் தேவை முற்றும் தீர்ந்துவிடவில்லை. கட்டும் வீடுகளைவிடக் காத்திருப்போர் மிகுதி. ஆயினும், தண்ணீர் சுமந்த மூதாட்டியின் கேள்விக்கு நான் இப்போது ஒரு விடை அறிவேன்: ஒருவரால் தனித்துக் கொடுக்க முடியாததை ஊரார் கூடிக் கொடுக்க முடியும். நாளை வாக்குச் சீட்டை ஏந்தப்போகும் நீங்கள், வரிக் கணக்கைப் பார்க்கும்போது அவரையும் நினைவில் வையுங்கள்.