பேட்டரி தீர்ந்த உணரியும் ஓயாத ஏ.சி.யும்

அலுவலகக் கட்டடங்களின் மின்செலவில் பெரும்பங்கு குளிரூட்டலுக்கும் விளக்குகளுக்கும் போகிறது. ஆளில்லா அறையைக் குளிர்விக்கும் வீண்செலவைத் தடுக்க இக்கட்டடங்களில் கம்பியில்லா உணரி வலையமைப்பு, அதாவது வெப்பம், ஈரப்பதம், வெளிச்சம், ஆள் நடமாட்டம் ஆகியவற்றை அளந்து வானலை வழியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தியைக் கைமாற்றும் சிறு சென்சார்களின் கூட்டம், பயன்பாட்டுக்கு வந்தது. சுவரை உடைத்துக் கம்பி இழுக்கத் தேவையில்லை என்பதால், பழைய கட்டடங்களுக்கு இதைவிட ஏற்ற வழி கிடைப்பது அரிது.

இத்தகைய கருவிகள் பலவற்றுக்கு அடிப்படையான 802.15.4 என்னும் கம்பியில்லாத் தொடர்புத் தரநிலை 2003-இல் வெளியானது; 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விநாடிக்கு 250 கிலோபிட் என்ற குறைந்த வேகமே அதற்குப் போதும். பெரும்பாலான நேரம் உறங்கிக் கிடந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மட்டும் விழித்து அளவை அனுப்புவதால்தான் ஓர் உணரி சிறு பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் இயங்குகிறது.

கவலைக்குரிய இடமும் இதுதான். உறங்கும் உணரிக்கும் செயலிழந்த உணரிக்கும் வெளிப்பார்வையில் வேறுபாடு தெரிவதில்லை. கடைசியாக 27 டிகிரி என்று அனுப்பிய உணரியின் பேட்டரி தீர்ந்துவிட்டால், அளவின் வயதைச் சரிபார்க்காத மென்பொருள் அந்த 27-ஐயே நடப்பு வெப்பநிலையாகக் கொண்டு, அறை 20 டிகிரிக்கு இறங்கிய பின்னும் ஏ.சி.யை ஓட்டிக்கொண்டிருக்கும்; உள்ளே ஊழியர்கள் சால்வை போர்த்தி அமர்ந்திருக்க, கணினித் திரையில் எல்லாம் சீராக இருப்பதாகவே தோன்றும். தடுப்புப் பலகையை நகர்த்தி அறையை இரண்டாக்கும்போதும் இதே கதைதான்: உணரி ஒரு பக்கமும் ஆட்கள் மறுபக்கமும் ஆகிவிடுகிறார்கள். ஆளின் உடல்வெப்பம் இடம்பெயர்வதைக் கொண்டு நடமாட்டத்தை அறியும் அகச்சிவப்பு உணரி, நூலகத்தில் அசையாமல் படிப்பவரை ஆளாகவே கணக்கில் கொள்ளாமல் விளக்கை அணைத்துவிடும். எரிச்சலுற்றவர்கள் உணரியின் மேல் காகிதம் ஒட்டி அதன் வேலையையே முடித்துவிடுகிறார்கள்.

கம்பி வழி உணரிகளே நம்பகமானவை என்போரும் உண்டு. பழைய கட்டடத்தில் கம்பி பதிக்கும் செலவும் இடைஞ்சலும் அந்த வாதத்தை வலுவிழக்கச் செய்கின்றன.

பொருத்தும் நாளில் காட்டப்படும் அக்கறை மூன்றாம் ஆண்டில் பேட்டரி மாற்றும்போது காணப்படுவதில்லை. மின்சேமிப்பு கைநழுவுவது அங்கேதான். ஆகவே, கட்டட நிர்வாகங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒவ்வோர் உணரியும் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம், எவ்வளவு நேரம் பழைய அளவை மென்பொருள் ஏற்கும் என்ற வரையறை, பேட்டரி மாற்றுவதற்கான ஆளும் ஆண்டு நிதியும் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.