‘அபேயன்ஸ்’, ‘கன்சென்ட்’, ‘அவார்டு’... ஓசூர் வழியா ஓடும் தென்பெண்ணைக்கும் ராஜதந்திர மொழிக்கும் என்ன சம்பந்தம்?

பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், 2025 ஏப்ரல் 23 அன்று, சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை ‘அபேயன்ஸ்’-ல் வைப்பதாக இந்தியா அறிவித்தது. ரத்துன்னு சொல்லல, விலகிட்டோம்னும் சொல்லல. 1960-ல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வார்த்தையே கிடையாது. இரு நாடுகளும் சேர்ந்து புது ஒப்பந்தம் போட்டால்தான் பழையது மாறும் அல்லது முடியும் என்கிறது அதன் 12-வது பிரிவு. அதனால்தான் ‘முடிவு’ என்று சொல்லாமல், ‘இப்போதைக்குச் செயலில் இல்லை’ என்று பொருள்படும் சொல்லை டெல்லி எடுத்தது. ராஜதந்திரத்தில் வார்த்தைதான் ஆயுதம்.

இதெல்லாம் வெளியுறவுத் துறை சமாச்சாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால், ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறப்பவரின் தண்ணீரும், கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே விவசாயம் செய்பவரின் தண்ணீரும் இதே மாதிரி வார்த்தைகளில்தான் சிக்கியிருக்கிறது. இங்கே எல்லை என்பது அத்திப்பள்ளி தாண்டினால் வரும் மாநில எல்லைதான். ஆனால் பேச்சுவார்த்தை மொழி, அப்படியே நாடுகளுடையது.

தென்பெண்ணை நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூருவின் ஓரமாக வந்து, ஓசூரில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூரில் கடலில் சேர்கிறது. ஆற்றின் மேல்பக்கம் இருப்பவர் ‘அப்பர் ரைபேரியன்’, கீழ்பக்கம் இருப்பவர் ‘லோயர் ரைபேரியன்’. நம்ம ஊர்ப் பேச்சில் மேல்மடை, கடைமடை. பாகிஸ்தானும் வங்கதேசமும் இந்தியாவைப் பார்த்துப் பேசுவது கடைமடைக்காரரின் குரலில். தமிழ்நாடு கர்நாடகாவிடம் பேசுவதும் அதே குரலில்தான்.

‘கன்சென்ட்’ என்றால் வீட்டோவா?

1892 பிப்ரவரி 18. ஓசூர் அப்போது சேலம் மாவட்டத்தில், சென்னை மாகாணத்தில் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் மன்னராட்சி நடந்த மைசூர் சமஸ்தானம். இரு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பட்டியலில் உள்ள 15 முக்கிய நதிகளில் சென்னை அரசின் ‘முன் சம்மதம்’ இல்லாமல் மைசூர் புதிய பாசன அணை கட்டக்கூடாது. காவிரியோடு தென்பெண்ணையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால், ஒப்பந்தத்தில் அடுத்த வரி ஒன்று உண்டு: ஏற்கெனவே அனுபவித்துவரும் உரிமையைக் காப்பாற்றுவதற்காகத் தவிர, வேறு காரணத்துக்குச் சென்னையும் சம்மதத்தை மறுக்கக்கூடாது. அதாவது ‘சம்மதம்’ என்பது நினைத்தபோதெல்லாம் ‘முடியாது’ சொல்லும் வீட்டோ இல்லை. காரணம் சொல்லியாக வேண்டும். அதே சமயம் ‘கலந்தாலோசனை’யைவிட மேலானது. கலந்து பேசிவிட்டுத் தன் இஷ்டப்படி செய்யலாம். சம்மதம் என்றால் அப்படிச் செய்ய முடியாது. இந்த இரண்டு சொற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்தான் உலகின் பாதி நதிச் சண்டைகள் நடக்கின்றன.

அப்போதே ஒப்பந்தம் சோதனைக்கு வந்தது. கண்ணம்பாடியில் மைசூர் கட்ட நினைத்த அணையில் (இன்றைய கே.ஆர்.எஸ்.) தகராறு முளைத்தது. விவகாரம் ‘ஆர்பிட்ரேஷன்’, அதாவது நடுவர் விசாரணைக்குப் போனது. 1914-ல் கிரிஃபின் என்ற நடுவர் கொடுத்த தீர்ப்புக்குப் பெயர் ‘அவார்டு’. பரிசு அல்ல, தீர்ப்பு! சென்னை ஏற்கவில்லை, லண்டன் வரை மேல்முறையீடு செய்தது. கடைசியில் 1924-ல் இரு தரப்பும் பேசித்தான் புது ஒப்பந்தம் போட்டன.

அந்த ஒப்பந்தங்கள் ஆங்கிலேயர் ஆதிக்கத்தில் திணிக்கப்பட்டவை என்பது கர்நாடகாவின் நெடுநாள் வாதம். சர்வதேச அரசியலில் இதற்கு ‘சமமற்ற ஒப்பந்தம்’ என்று பெயர். 1842 நான்கிங் ஒப்பந்தத்தைப் பற்றி சீனா பேசுவது இதே மொழியில்தான். காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. அதே நேரம், 1924 ஒப்பந்தம் 50 ஆண்டுகளோடு, 1974-ல் முடிந்துவிட்டது என்றது. தமிழ்நாட்டுக்குப் பாதி இனிப்பு, பாதி கசப்பு.

நடந்து முடிந்த காரியம்

இப்போது மார்க்கண்டேய நதி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தென்பெண்ணையோடு சேரும் கிளை நதி இது. கோலார் மாவட்டம் பங்காருப்பேட்டை பக்கம் யார்கோளில், சுமார் அரை டி.எம்.சி. கொள்ளளவில் கர்நாடகா அணை கட்டியது. கோலார், மாலூர், பங்காருப்பேட்டைக்குக் குடிநீர் தருவது நோக்கம். வறட்சிப் பகுதி, தேவையும் நிஜம்தான். ஆனால், 1892-ல் எழுதியது ‘பாசன அணை’ என்று. குடிநீர் அணைக்கு அது பொருந்துமா? ஒரு பெயரடை எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்.

2018 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 2019 நவம்பர் 14 அன்று இடைக்காலத் தடை தர மறுத்த நீதிமன்றம், தீர்ப்பாயம் கேட்டு மத்திய அரசிடம் போகச் சொன்னது. அதற்குப் பிறகு அணை முழுமையடைந்தது. ராஜதந்திரிகள் இதை ‘ஃபெய்ட் அகோம்ப்ளி’ என்பார்கள். பிரெஞ்சுச் சொல். நடந்து முடிந்த காரியம். இனி பேச்சு, அதை வைத்துக்கொண்டுதான். பேச்சுவார்த்தை இழுக்க இழுக்க லாபம் யாருக்கு என்று இந்தச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

‘நிறுத்திவைப்பு’ நமக்கும் புதுசு இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் கர்நாடகாவில் பெரும் எதிர்ப்பு. கர்நாடகத் தேர்தல் முடியும்வரை திட்டத்தைத் தள்ளிவைப்பதாக அப்போதைய முதல்வர் கருணாநிதி அந்த ஏப்ரலில் அறிவித்தார். கைவிடவில்லை, தள்ளிவைத்தார். திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

நுரைக்கும் ஒரு வார்த்தை உண்டு

கெலவரப்பள்ளியில் பொங்கும் வெள்ளை நுரையை ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. பெங்களூரு குடிப்பது பெரும்பாலும் காவிரித் தண்ணீர். கழிவாகும்போது அதில் ஒரு பங்கு தென்பெண்ணை வழியாக ஓசூருக்கு வருகிறது. ‘எல்லை கடந்த தீங்கு’ என்ற கோட்பாட்டுக்கு உலகம் காட்டும் பழைய உதாரணம் கனடாவின் டிரெய்ல் ஊர் உருக்காலை. அதன் புகை அமெரிக்கப் பண்ணைகளைக் கெடுத்தது. ஒரு நாடு தன் மண்ணைப் பயன்படுத்தி அடுத்த நாட்டைக் கெடுக்க முடியாது என்று 1941-ல் நடுவர் மன்றம் சொன்னது. நதிப் பேச்சில் நாம் டி.எம்.சி. கணக்கையே பிடித்துக்கொள்கிறோம். வரும் தண்ணீர் எப்படிப்பட்டது என்பது ஏனோ இரண்டாம் பட்சமாகிவிடுகிறது.

அடுத்து என்ன?

சிந்து ஒப்பந்தத்தில் சண்டைக்கே மூன்று படிகள். முதலில் ‘கேள்வி’, இரு நாட்டு ஆணையர்கள் பேசுவது. தீராவிட்டால் ‘வேறுபாடு’, நடுநிலை நிபுணரிடம் போகும். அதற்கும் மேல் ‘தகராறு’, நடுவர் நீதிமன்றம். நம் 1956-ம் ஆண்டு நதிநீர்த் தகராறு சட்டத்தில் படிகள் குறைவு: பேச்சுவார்த்தையில் தீராது என்று மத்திய அரசு கருதினால் தீர்ப்பாயம். ‘கருதினால்’ என்பதுதான் முக்கியம். தென்பெண்ணைக்கு 2020 ஜனவரியில் ஒரு பேச்சுவார்த்தைக் குழு, 2024-ல் இன்னொன்று.

தீர்ப்பாயத்தின் முடிவு அரசிதழில் வந்துவிட்டால் அதற்கு உச்ச நீதிமன்ற ஆணைக்குச் சமமான பலம் உண்டு. காவிரியில் 1990-ல் தீர்ப்பாயம் அமைந்தது. இறுதித் தீர்ப்பு 2007-ல் வந்தது, அது அரசிதழில் ஏறியது 2013-ல்.