மீற்றர் காணாத பாரம்

சம்பூரில் அறுவடை முடிந்த ஒரு வயலோரம், உழவு மெசினுக்குப் பின்னால் வெறும் பெட்டி நிற்கிறது. பெட்டியின் ரயரில் மீற்றரை வைத்தால் ஐம்பது பிஎஸ்ஐ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இனி நாற்பது நெல் மூட்டைகளை ஏற்றிவிட்டு அதே மீற்றரை மறுபடி வையுங்கள். இரண்டரைத் தொன் பாரம் ஏறியிருக்கிறது. ரயர் அடியில் பிதுங்கி நிற்பது கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் மீற்றர் ஐம்பதை விட்டு அசையாது. மிஞ்சினால் ஒன்று கூடும்.

மீற்றர் பழுதில்லை. ரயர் அடியில் சப்பையாகும்போது பக்கங்கள் வெளியே தள்ளுகின்றன. உள்ளே காற்று அடைந்திருக்கும் இடம் ஏறக்குறைய முன்பிருந்த அளவுதான். சூடு மாறாதவரை, இடம் சுருங்கினால்தான் அழுத்தம் கூடும் என்பது 1662இல் ரொபேர்ட் பொயில் எழுதிவைத்த விதி. இங்கே இடம் சுருங்கவில்லை, ஆகவே அழுத்தமும் கூடவில்லை. இழுவை வண்டிக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்ற கேள்வியின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. கையிலுள்ள ஒரே கருவி, நாம் அறிய விரும்பும் ஒரே விஷயத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறது.

பாரத்தைத் தாங்குவதற்காக ரயர் செய்வது வேறொன்று: நிலத்தில் கூடுதலாகப் படிகிறது. ஐம்பது பிஎஸ்ஐ என்பது சதுர சென்ரிமீற்றருக்கு மூன்றரைக் கிலோ. ஒரு சில்லின் மேல் ஆயிரத்து ஐந்நூறு கிலோ இறங்கினால், ஏறக்குறைய நானூற்று முப்பது சதுர சென்ரிமீற்றர் நிலத்தில் படிய வேண்டும். பள்ளிக்கூடக் கொப்பியின் அட்டையை விடக் கொஞ்சம் பெரிய இடம். ரயரின் சொந்த விறைப்பும் ஒரு சிறு பங்கைத் தாங்கும் என்பதால் கணக்கு அச்சொட்டாக வராது. ஆனாலும் மொத்தத்தில் உண்மை இதுதான்: ரயர் நிலத்தை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமே.

உழவு மெசினின் பெரிய பின்சில்லை எடுத்துக்கொண்டால் வியப்பு இன்னும் கூடும். அதில் பதினாலு பிஎஸ்ஐ அளவில் இருக்கும் காற்றை அள்ளித் தராசில் வைக்க முடிந்தால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் வரும். அந்த அரைக் கிலோக் காற்று முக்கால் தொன்னுக்கு மேல் சுமக்கிறது. எப்படி? றிம்மைக் காற்று அடியிலிருந்து முட்டித் தூக்குகிறது என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். நடப்பது அதுவல்ல. காற்று ரயரை எல்லாப் பக்கமும் விறைக்க வைக்கிறது. ரயரின் பக்கச் சுவரிலுள்ள நூல்கள் றிம்மைச் சுற்றிலும் வெளிப்புறமாக இழுத்துப் பிடிக்கின்றன. நிலத்தைத் தொடும் இடத்தில் சுவர் பிதுங்குவதால் அங்கே மட்டும் கீழ்நோக்கிய இழுப்பு தளர்கிறது, மேலே இழுப்பு அப்படியே இருக்கிறது. அச்சு ஒரு வகையில் மேலிருந்து தொங்குகிறது.

இனிக் கொழுவும் இடத்துக்கு வருவோம். ஒற்றை அச்சுப் பெட்டி தன் பாரம் முழுவதையும் தன் சில்லுகளிலேயே வைத்திருக்காது. ஒரு பங்கைக் கொழுவும் இடத்தின் வழியே இழுக்கும் வண்டியின் மேல் இறக்கிவிடும். பட்டாவோ கப் வண்டியோ, பின்னால் வள்ளம் ஏற்றிய வண்டியை இழுக்கிறது என்போம். கொழுவும் இடத்தில் நூறு கிலோ அழுத்துகிறது. பின்சில்லுக்கு நூறு கிலோ கூடும் என்று நினைத்தால் தப்பு. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே மூன்று மீற்றர், பின்னச்சிலிருந்து கொழுவும் இடம் ஒன்றே கால் மீற்றர் அளவில் பின்னால் என்றால், பின்சில்லுகளில் ஏறுவது நூற்று நாற்பது கிலோவுக்குக் கிட்ட. மேலதிக நாற்பதும் முன்சில்லுகளிலிருந்து களவு போனது. பின்னால் ரயர் பிதுங்கும் அதே நேரத்தில் முன்னால் சுக்கான் இலேசாகிறது. ஆகவே நாலு சில்லுக்கும் சமமாகக் காற்றடிப்பது இழுவை வண்டிக்குப் பொருந்தாது. பல கப் வண்டிகளில் சாரதிக் கதவைத் திறந்தால், தூணில் ஒட்டிய சிட்டையில் பாரமில்லாத போதும் பாரத்தோடும் எவ்வளவு என்று தனித்தனியே போட்டிருக்கும். பாரத்துக்கான வரியில் பின்சில்லின் இலக்கமே பெரிது. ரயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் இலக்கம் அதிகபட்ச எல்லை. அதையே அளவாக எடுத்து அடிப்பவர்கள் ஏராளம்.

உழவு மெசினில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். மூட்டைகளைப் பெட்டியின் முன்பக்கமாக அடுக்கினால் மெசினின் மூக்கு தூக்கும். பின்பக்கமாக அடுக்கினால் கொழுவும் இடம் மேலே எழும்பப் பார்க்கும். பின்சில்லு பிடி விடும். காற்று மீற்றரை எடுப்பதற்கு முன்னரே, மூட்டையை எங்கே வைக்கிறோம் என்பதில் பாதி முடிவாகிவிடுகிறது.

மறுபாதி தரையைப் பொறுத்தது. கொட்டியாரக் குடாவின் தென்பக்கத்தில் இருக்கும் சம்பூரில் கடற்கரை மணலும் நெல்வயலும் தார் வீதியும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம். மூன்றும் மூன்று அழுத்தத்தைக் கேட்கின்றன.

மணலில் புதையும் வண்டிக்குக் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது இன்று கரையில் எல்லோருக்கும் தெரிந்த கைவேலை. அதை 1920களின் இறுதியில் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் காரோட்டிப் பழகியவர்களில் ஒருவர் றால்ப் பாக்னோல்ட் என்ற பிரித்தானிய இராணுவப் பொறியியலாளர். காற்றைக் குறைத்து மணற்குன்றுகளைக் கடந்தார். பிறகு மணல் ஏன் அப்படிக் குவிகிறது என்று கேட்கத் தொடங்கி, 1941இல் காற்று அள்ளிச் செல்லும் மணலின் இயற்பியல் பற்றி ஒரு நூலே எழுதிவிட்டார். அடுத்த ஆண்டு அமெரிக்கர்கள் கடலிலும் தரையிலும் ஓடும் ‘டக்’ என்ற லொறியைக் கட்டினார்கள். அதில் சாரதி இருக்கையை விட்டு எழும்பாமலே ரயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. கடலிலிருந்து கரையேறும்போது குறைத்து, வீதிக்கு வந்ததும் கூட்டுவார்கள். முப்பத்தைந்திலிருந்து பதினேழுக்கு இறக்கினால் ரயர் படியும் இடம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், மணலின் மேல் அழுத்தம் பாதியாகும்.

வயலில் கதை கொஞ்சம் சிக்கலானது. மேல்மண் நசுங்குவதை ரயரின் அழுத்தம் முடிவு செய்கிறது. காற்றைக் குறைத்தால் அது தப்பும். ஆனால் ஆழத்து மண்ணை இறுக்குவது அச்சின் மொத்தப் பாரம். அங்கே மீற்றரால் ஆவது அதிகமில்லை. நெல்லுக்கு அடியில் ஓர் இறுகிய படை இருப்பது நல்லதுதான், தண்ணீர் நிற்கும். அதே நிலத்தில் பிறகு கச்சான் போட்டால் வேர் அந்தப் படையில் முட்டும். 1932இல் அமெரிக்காவின் அலிஸ்-சால்மர்ஸ் கம்பனி உழவு மெசினுக்குக் காற்று ரயர் பூட்டி விற்கத் தொடங்கியபோது, இரும்புச் சில்லே போதும் என்றிருந்த விவசாயிகளை நம்பவைக்க, கார்ப் பந்தய வீரர் பார்னி ஓல்ட்ஃபீல்டை அதில் ஏற்றி மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட வைத்தார்கள். வயலில் யாருக்கு அந்த வேகம்? சேற்று உழவுக்கு நம்மூரில் இன்றும் இரும்புச் சில்லுதான் பூட்டுகிறார்கள்.

பின் ரயருக்குத் தண்ணீர் அடிப்பதும் உண்டு. முக்கால்வாசி தண்ணீர், கால்வாசி காற்று. சில்லுக்கு நூற்றைம்பது கிலோவுக்கு மேல் பாரம் சேர்ந்து பிடி கூடும். குளிர் நாடுகளில் அது உறையாமல் இருக்க உப்புச் சேர்க்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இங்கே பொயில் திரும்பி வருகிறார். தண்ணீர் சுருங்காது, ரயர் சப்பையாகும்போது இழக்கும் சிறு இடம் முழுவதும் அந்தக் கால்வாசிக் காற்றின் கணக்கில் விழுகிறது. முன்பு காணாத பாரத்தை இப்போது மீற்றர் நாலு மடங்கு தெளிவாகக் காணும். சிறு கசிவுக்கும் அழுத்தம் சட்டென்று விழும். வால்வு மேலே வரும்படி சில்லை நிறுத்திவிட்டே மீற்றரை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மீற்றருக்குள் தண்ணீர் போகும்.

தார் வீதியின் எதிரி சூடு. காற்றுக் குறைந்த ரயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது. மணிக்கு அறுபது கிலோமீற்றரில் கப் வண்டிச் சில்லு நொடிக்கு ஏழு தடவை சுழலும். வளைத்த வேலை முழுவதையும் றப்பர் திருப்பித் தராது, ஒரு பங்கைச் சூடாக வைத்துக்கொள்ளும். மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வழியில் 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை அங்கே பாதைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. பாதைக்காகக் காத்து நின்ற நேரத்தில் ரயரும் ஆறியிருக்கும். இப்போது நிற்காமல் ஓடலாம். சூடும் இடைவெளியில்லாமல் ஏறும். இந்தச் சூடு என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் பெரிய வழக்கே உண்டு. ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வண்டிக்கு இருபத்தாறு பிஎஸ்ஐ போதும் என்று கம்பனி சொல்லியிருந்தது. அதில் பூட்டிய ஃபயர்ஸ்டோன் ரயர்களின் மேற்பட்டி ஓட்டத்தில் உரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2000 ஓகஸ்டில் அறுபத்தைந்து இலட்சம் ரயர்கள் திரும்பப் பெறப்பட்டன. ரயரின் குறையா, காற்றின் குறையா என்று இரு கம்பனிகளும் ஒன்றையொன்று கைகாட்டின. ரயரின் குறையோடு வெயிலும் வேகமும் பாரமும் சேர்ந்த கூட்டு வினை அது. அதன் பின்தான் காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு அங்கே சட்டமாயிற்று.

சூடு மீற்றரையும் ஏமாற்றும். காலையில் முப்பது காட்டிய ரயர், உள்ளே முப்பது பாகை சூடேறினால் முப்பத்து நாலரை காட்டும். கூடிவிட்டது என்று வழியில் திறந்து விட்டால், மறுநாள் காலை அது இருபத்தைந்து சொச்சத்தில் நிற்கும். அளப்பது வண்டி எடுக்கும் முன், ரயர் ஆறியிருக்கும்போது.

மணலுக்காக இறக்கிய காற்றை வீதியில் ஏறுமுன் திரும்ப அடித்தாக வேண்டும் என்பதால், கரையில் வண்டி வைத்திருப்பவர் பற்றரியில் ஓடும் சிறு பம்பி ஒன்றை வாங்கி இருக்கைக்குக் கீழே போட்டுக்கொள்ளலாம். அளவு சரியா என்று பார்க்க ஒரு வெண்கட்டி போதும். வழக்கமான பாரத்தை ஏற்றி, பெட்டியையும் கொழுவி, ரயருக்குக் குறுக்கே கோடு போட்டு, சமதரையில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். கோட்டின் நடு முதலில் அழிந்தால் காற்றுக் கூட, இரு ஓரமும் அழிந்தால் குறைய. பெட்டிக்கும் மெசினுக்கும் தனித்தனியாக.