கல்லை நம்பி எழுதிய புத்தகம்

மலையேறிகளுக்கான வழிகாட்டி நூல் பழசானால் என்ன? மலை எங்கே ஓடிப்போகிறது? பிரான்ஸின் சமோனி பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

1973-இல் கஸ்டோன் ரெபுஃபா அப்படி ஒரு நூலை எழுதினார். அன்னபூர்ணாவின் உச்சியை முதன்முதலில் தொட்ட 1950-ஆம் ஆண்டுக் குழுவில் இருந்தவர் அவர். மோன் பிளாங் மலைத்தொகுதியின் மிக அழகிய நூறு ஏற்றங்களை எளிதில் தொடங்கிக் கடினம்வரை வரிசையாக அடுக்கினார். இளம் மலையேறிகளுக்கு அதுவே பாடத்திட்டம் ஆயிற்று. முதல் பக்கத்தில் கத்துக்குட்டியாக நுழைந்தவன் நூறாவதை முடித்தால் தேர்ந்தவன்.

அன்று கோடைதான் பருவம். மாலையில் மலைக்குடிலில் படுத்து, நள்ளிரவு தாண்டி எழுந்து, இறுகிக் கிடக்கும் பனியில் நடப்பார்கள். பாறை விரிசல்களுக்குள் ஆண்டு முழுதும் உறைந்திருந்த பனி, கற்களைச் சுண்ணாம்புச் சாந்துபோலப் பிடித்து வைத்திருந்தது.

அந்தச் சாந்து இப்போது இளகுகிறது. ட்ரு சிகரத்தில் ஒரு செங்குத்துத் தூண் இருந்தது. 1955-இல் வால்டர் பொனாட்டி ஆறு நாள் தன்னந்தனியாக ஏறியதால் அவர் பெயரே அதற்கு நிலைத்தது. 2005 ஜூனில் அந்தத் தூண் சரிந்தது. விழுந்த பாறை இரண்டரை லட்சம் கன மீட்டருக்கும் மேல். ஏறும் வழியோடு ஏறவேண்டிய கல்லும் போய்விட்டது. அந்த இடத்தில் இன்று வெளிறிய தழும்புதான் தெரிகிறது.

கீழே, மெர் த கிளாஸ் பனியாற்றுக்கு மோந்தான்வேர் ரயில் நிலையத்திலிருந்து இறங்கிப் போகவேண்டும். 1988-இல் அங்கே இழுவைக்கூண்டு அமைத்தபோது, அதிலிருந்து சில படி இறங்கினால் காலடியில் பனி. பிறகு பனி தாழத் தாழப் படிகளைச் சேர்த்தார்கள், ஐந்நூறைத் தாண்டின. வழியில் பாறையில் அறைந்த பலகைகள், இந்த ஆண்டில் பனி இதுவரை இருந்தது என்று காட்டின. அண்ணாந்து பார்த்தால் 1990 தலைக்குமேல் நின்றது. சுற்றியுள்ள குடில்களுக்கு ஏறும் இரும்பு ஏணிகளையும் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

இன்று ஏறப்போகிறவர் முதலில் கைபேசியில் வழிக்குறிப்பின் தேதியைத்தான் பார்க்கிறார். அந்தச் சரிவில் நேற்று பனி இருந்ததா, கல் உருண்டதா என்பது போன வாரக் குறிப்பில் கிடைக்காது. முன்பு ஜூலை, ஆகஸ்டில் போன பல வழிகளுக்கு இப்போது வசந்தத்திலோ இலையுதிர்காலத்திலோதான் போகிறார்கள். 2022 ஜூலையில் சுவிட்சர்லாந்து வானில் உறைநிலை தொடங்கும் உயரம் 5,184 மீட்டருக்கு ஏறியது. மோன் பிளாங்கின் உயரமே சுமார் 4,800 மீட்டர்தான்.

ரெபுஃபாவின் நூலை யாரும் தூக்கிப் போட்டுவிடவில்லை. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு அதையே அளவுகோலாக்கியது. அதிலுள்ள 95 ஏற்றங்களை எடுத்து, ஆய்வு நடந்த காலத்து நிலையோடு ஒப்பிட்டார்கள். பருவநிலை மாற்றம் தொடாதவை இரண்டே இரண்டு. மிகக் கடுமையாக மாறியவை 26. மூன்று அடியோடு இல்லை. எங்கே ஏறலாம் என்று சொல்லப் பிறந்த புத்தகம், எங்கே எது இருந்தது என்பதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.