மலையேற்றமும் மணிக்கணக்கும்

உயரத்தைக் கொண்டு மலையை மதிப்பிடுதல் ஸ்கொத்லாந்து நாட்டிலே பொருந்தாது. அந்நாட்டு மலைகளுட் தலையாயதாகிய பென் நெவிஸ் 1,345 மீற்றரே உயர்ந்தது. நமது பீதுருதாலகாலையோ 2,524 மீற்றர். ஆதலின், உயர்கல்வியின் பொருட்டு எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் செல்லும் நம் மாணவர், விடுமுறை நாளொன்றில் அங்குள்ள மலையைக் கண்டு, ‘இஃதொரு குன்றுதானே’ என்று நகரத்துச் சப்பாத்துடன் புறப்பட்டுவிடுதல் கூடும். குன்றின் சிறுமை கண்ணுக்குத் தெரியும். மேலே வீசுங் காற்றும், நொடியில் இறங்கும் முகிலும், விரைந்து முடியும் பகலும் அடிவாரத்தில் நிற்பார்க்குத் தெரியா.

எடுத்துக்காட்டாக ஷீஹாலியன் என்னும் மலையைக் கொள்வோம். பேர்த்ஷயரில் உள்ள இது 1,083 மீற்றர் உயரமுடையது. கலிடோனியரின் அணங்குறை குன்றம் என்று இப்பெயர்க்குப் பொருள் கூறுவர். மேற்கே ரனொக் ஏரிக்கரையில் நின்று நோக்கினால் கூம்பு போலத் தோன்றும். ஆயின் மக்கள் ஏறும் வழி கிழக்கே பிறேஸ் ஒவ் பொஸ் என்னும் இடத்திலிருந்து நீண்ட முதுகொன்றின் மீது செல்வது. ‘இதோ உச்சி’ என்று மகிழ்ந்து ஏறினால், அதற்கப்பால் வேறொரு முடி எழுந்து நிற்கும். இப் போலிமுடிகள் உடலினும் உள்ளத்தையே மிகுதியாகக் களைப்பிக்கும்.

இம்மலைக்கும் நிலப்படத்துக்கும் உள்ள தொடர்பு சுவையானது. 1774 ஆம் ஆண்டில் நெவில் மஸ்கெலைன் என்னும் அரச வானியலாளர், மலையின் ஈர்ப்பினால் தூக்குநூல் எத்துணை சாய்கின்றது என அளந்து, அதனின்று புவியின் அடர்த்தியை அறிய இங்கு வந்தார். விண்மீன்களை நோக்குதற்கு வானந் தெளிய வேண்டுமே! முகிலும் மழையுந் தடுக்க, மாதக்கணக்காக மலைச்சரிவிற் காத்திருந்தார். பின்னர் மலையின் பருமனைக் கணிக்கப் புகுந்த சாள்ஸ் ஹற்றன், ஒத்த உயரமுடைய புள்ளிகளைக் கோட்டினால் இணைத்தார். இன்று நிலப்படங்களில் நாம் காணும் சமவுயரக்கோட்டினை முதன்முதற் பயன்படுத்தியோருள் அவரும் ஒருவர்.

நாட்டிட்டம் தொடங்குவதும் அக்கோடுகளிலிருந்தேயாம். ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவுடைய அரச நில அளவைப் படத்திலே பத்து மீற்றருக்கு ஒரு கோடு வரையப்பட்டிருக்கும். ஷீஹாலியனுக்கு அடியிலிருந்து முடிவரை ஏறத்தாழ 75 கோடுகளைக் கடத்தல் வேண்டும். அஃதாவது 750 மீற்றர் ஏற்றம். போக்குவரவு நடை ஏறக்குறைய 10 கிலோமீற்றர். இவ்விரண்டையும் நேரமாக மாற்றுதற்கு வில்லியம் நெய்ஸ்மித் என்பார் 1892 இல் ஒரு விதி வகுத்தார். இக்கால அளவையில் அது 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி, 600 மீற்றர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி என்றாகும். அவ்விதிப்படி ஏறுதற்கு இரண்டேகால் மணி, இறங்குதற்கு ஒரு மணி. ஆக மூன்றேகால் மணி.

இத்தொகையை அப்படியே நம்புதல் தகாது. நெய்ஸ்மித்தின் கணக்கு உடல்வலியுடையார்க்கு உரியது. உணவுக்கும் இளைப்பாறலுக்கும் அதில் இடமில்லை. ஷீஹாலியனின் மேற்பகுதியோ வெண்படிகக் கற்பாறைகள் குவிந்து கிடப்பது. மழை நாளில் ஒவ்வோர் அடியையும் பார்த்தே வைத்தல் வேண்டும். ஐந்து மணி, புதியவர்க்கு ஆறு மணி எனக் கொள்ளுதலே நன்று. காலை 9 மணிக்குப் புறப்படுவோர், ‘பிற்பகல் 1 மணிக்கு எங்கு நிற்பினும் திரும்புவோம்’ என்று வீட்டிலேயே முடிவு செய்து தாளில் எழுதிவிடல் வேண்டும். உச்சி முந்நூறு மீற்றரில் தெரியும்போது அம்முடிவைச் செய்ய எவராலும் இயலாது.

இனி, பருவம். ஹெதர் என்னும் குறும்புதர் ஆகஸ்ட் மாதத்திற் பூத்து மலைப்புறம் முழுவதும் ஊதாக் கம்பளம் விரித்தாற் போலாகும். அக்கம்பளத்தின் மீது நடப்பது வேறு. முழங்காலளவு வளர்ந்த தண்டுகள் காலைப் பற்றும். குழிகளையும் கற்களையும் மூடி மறைக்கும். ஆதலின் வழியை விட்டு விலகலாகாது. ஷீஹாலியனின் கிழக்குப் பகுதியை 1999 இல் வாங்கிய ஜோன் மூயர் அறநிறுவனம், சேறாகிச் சிதைந்த பழைய தடத்துக்கு மாற்றாக நல்ல பாதையொன்றை அமைத்துள்ளது. அழகுக்கு அழகு சேர்ப்பது போல் வேட்டையும் அப்பருவத்திலேயே தொடங்கும். ஹெதர்க் காட்டில் வாழும் குறௌஸ் என்னும் பறவையைச் சுடுதற்குரிய காலம் ஆகஸ்ட் 12 முதல் டிசெம்பர் 10 வரை. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு நடப்பார்க்கு நிலமெங்குஞ் செல்லும் உரிமை அளித்துள்ளது; எனினும் வேட்டை நிகழும் இடத்தை முன்னரே விசாரித்தல் அறிவுடைமை. கோடையில் மிட்ஜ் என்னும் நுண்கொசு கூட்டமாய் வந்து கடிக்கும். அதற்குக் காற்றைத் தவிர நல்ல மருந்தில்லை!

ஒக்டோபர் இறுதி ஞாயிறன்று அந்நாட்டுக் கடிகாரங்கள் ஒரு மணி பின்னே தள்ளப்படும். முந்தின வாரம் ஒளியோடு இறங்கிய அதே நேரத்தில், இவ்வாரம் இருளில் நிற்க நேரும். டிசெம்பர் நடுவிலோ பகல் ஏழு மணி நேரங்கூட இல்லை. பனிக்கோடரியும் அதனைக் கையாளும் பயிற்சியும் இல்லாதார் அக்காலத்தில் இம்மலையை நினையாதிருத்தலே நலம்.

பையில் வைக்க வேண்டியவை பல அல்ல: நிலப்படம், திசைகாட்டி, மழையங்கி, கம்பளிச் சட்டை, தலைவிளக்கு, ஊதுகுழல், உணவு. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஆறு ஏழு பாகை குறையும். காற்று அதனை மேலுங் கூட்டிக் காட்டும். கைத்தொலைபேசியை மட்டும் நம்பிச் செல்வோர், மலைமடிப்புகளில் அலை எட்டாது என்பதை அறிதல் வேண்டும்.

யாவற்றினும் முதன்மையானது ஒரு துண்டுத் தாள். செல்லும் மலை, ஏறும் வழி, உடன் வருவோர், திரும்பும் மணி ஆகியவற்றை எழுதித் தங்கியிருக்கும் வீட்டாரிடம் கொடுத்தல் வேண்டும். இறங்கியதும் அவர்க்கு அறிவித்தலையும் மறத்தலாகாது. மறந்துவிடின், ஊதியம் பெறாது பணிசெய்யும் மீட்புத் தொண்டர், தத்தம் தொழிலை விட்டுவந்து, எவருமில்லா மலையில் இரவு முழுவதும் விளக்கேந்தித் தேடிக்கொண்டிருப்பர்.