தண்டுவடத்தின் கீழ்முனையில் அடிபட்டால்

வளர்ந்த மனிதரின் தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை இறங்குவதில்லை. மூளையின் அடியில் தொடங்கி, இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்தில் கூம்பாகக் குறுகி முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே எலும்புக் குழாய்க்குள் கற்றையாகத் தொங்குபவை நரம்பு வேர்கள் மட்டுமே. இவற்றுக்குக் குதிரைவால் நரம்புகள் என்று பெயர். கால்களின் அசைவும் தொடுவுணர்வும் மட்டுமல்ல, சிறுநீர், மலம், பாலுறவு ஆகியவற்றுக்கான செய்திகளும் இந்தக் குறுகிய இடத்தின் வழியாகவே போய்வருகின்றன.

அடி பெரும்பாலும் இங்கே விழுவதற்கு உடலமைப்பே காரணம். நெஞ்சுப் பகுதியின் 12 முள்ளெலும்புகளை விலா எலும்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. கீழே உள்ள 5 இடுப்பு முள்ளெலும்புகள் தாராளமாக வளையக்கூடியவை. உயரத்திலிருந்து விழுந்து குதிகாலோ பிட்டமோ தரையில் மோதும்போது, இரண்டும் சேரும் இடத்தில்தான் முதுகு மடங்கி எலும்பு நொறுங்குகிறது. தென்னையும் பனையும் ஏறுபவர்கள், சாரத்தில் நின்று பூசுபவர்கள், கைப்பிடிச் சுவரில்லாத மொட்டை மாடியில் படுப்பவர்கள் இப்படித்தான் அடிபடுகிறார்கள். சாலை விபத்தும் முதுகெலும்புக் காசநோயும் கட்டிகளும் இதே பாதிப்பைக் கொண்டுவரலாம்.

ஜவ்வு விலகலும் அப்படித்தான். நாள்பட்ட முதுகுவலிக்காரருக்குத் திடீரெனத் தொடை இடுக்கும் பிட்டமும் மரத்துப்போய், சிறுநீர் வராமல் நின்றால், தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அன்றே எம்.ஆர்.ஐ. எடுத்து, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை செய்து அழுத்தத்தை நீக்க வேண்டிய அவசரநிலை அது. தாமதித்தால் கால் தேறினாலும் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

விழுந்தவரை ஒருவர் தோளையும் மற்றொருவர் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைப்பது, மிஞ்சிய நரம்புகளையும் நசுக்கிவிடும் செயல். தலை, முதுகு, இடுப்பு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் புரட்டி, பலகையில் கிடத்த வேண்டும். 108 ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் வைத்திருப்பதே நல்லது. அறுவை சிகிச்சையை முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் செய்ய மருத்துவர்கள் முயல்வார்கள். ஆனால் திருகாணியும் கம்பியும் எலும்பை நிலைநிறுத்துமே தவிர, அறுந்த நரம்பை ஒட்டவைக்காது. ‘ஆபரேஷன் முடிந்தும் கால் அசையவில்லையே’ என்ற குடும்பத்தாரின் ஏமாற்றத்துக்கு, இதை முன்கூட்டியே விளக்காததும் ஒரு காரணம்.

எவ்வளவு மீளும் என்பது அடிபட்ட மட்டத்தையும் பாதிப்பு முழுமையானதா என்பதையும் பொறுத்தது. இரண்டாம் இடுப்பு நரம்பு இருந்தால் தொடையைத் தூக்கலாம். மூன்றாவதும் தப்பினால் முழங்காலை நீட்டலாம், காலிப்பர் எனும் கால்தாங்கியும் ஊன்றுகோலும் கொண்டு நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆசனவாயைச் சுற்றித் தொடுவுணர்வோ இறுக்கும் சக்தியோ சிறிதாவது மிஞ்சியிருந்தால் பாதிப்பு முழுமையானதல்ல என்று பொருள். கூச்சப்பட்டு இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் உண்டு. ஆனால் எதிர்காலத்தைக் கணிக்க இதைவிட முக்கியமான சோதனை குறைவு.

வீட்டார் கண்ணுக்குத் தெரிவது அசையாத கால். உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும் சிறுநீர்ப்பை. முதல் உலகப் போரில் தண்டுவடத்தில் காயம்பட்ட வீரர்களில் பெரும்பாலோர் விரைவிலேயே இறந்தனர். அவர்களைக் கொன்றவை சிறுநீர்த் தொற்றும் படுக்கைப்புண்ணும். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன் இவ்விரண்டையும் எதிரியாகக் கொண்டு போராடியபின்தான் நிலைமை மாறியது. இன்றைய பாராலிம்பிக் போட்டிகளுக்கு விதையும் அவர் 1948-இல் அங்கே நடத்திய போட்டிதான்.

கீழ்முனை அடியில் சிறுநீர்ப்பை பெரும்பாலும் தளர்ந்துவிடுகிறது. நிறைவது தெரியாது, சுருங்கி வெளியேற்றவும் முடியாது. நிரம்பி வழிந்து சொட்டுவதைப் பார்த்து ‘யூரின் நன்றாகப் போகிறது’ என்று வீட்டில் நினைத்துக்கொள்வது ஆபத்தான தவறு. உள்ளே தேங்குவது தொற்றாகி, கல்லாகி, சிறுநீரகம் வரை போகும். நிரந்தரமாக டியூப் வைத்திருந்தாலும் தொற்றும் கல்லும் வரும். அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடெஸ் 1972-இல் எளிய வழி ஒன்றை முன்வைத்தார்: 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியே மெல்லிய டியூப்பைச் செலுத்திச் சிறுநீரை வடித்துவிட்டு எடுத்துவிடுவது. கிருமி முற்றிலும் நீக்கிய கருவி தேவையில்லை, சோப்பால் கழுவிய கை போதும். பை அளவுக்கு மீறி விரியாமல் இருப்பதே தொற்றைத் தடுக்கிறது என்பது அவர் வாதம். ஒரு தடவை வடிவது 500 மில்லிக்கு மேல் போனால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். டியூப் போடுவதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது தவறு.

மலத்துக்கும் தினமும் ஒரே நேரம் வேண்டும். தளர்ந்த குடலில் கையுறை அணிந்த விரலால் எடுக்க வேண்டியிருக்கும். படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவதும், சக்கர நாற்காலியில் அடிக்கடி கைகளை ஊன்றி உடலைத் தூக்குவதும், பிட்டத்தையும் குதிகாலையும் தினமும் கண்ணாடியில் பார்ப்பதும் படுக்கைப்புண்ணைத் தடுக்கும். எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற வலியும் கால்களில் வந்தால் அது கற்பனையல்ல, அதற்கென மருந்துகள் உண்டு. பெண்களின் கருத்தரிக்கும் திறன் பொதுவாகக் கெடுவதில்லை. ஆண்களுக்கும் சிகிச்சைகள் உண்டு, கேட்கத்தான் ஆளில்லை.

முதுகில் அடிபட்டதோடு வாழ்க்கை முடிவதில்லை என்பதற்கு வேலூரிலேயே சான்று உண்டு. அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து அத்துறையை வேலூரில் வளர்த்தார்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடக்கலாம் என்று பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. தண்டுவட அடிக்கு அதை அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 வழிகாட்டுதல் ஏற்கவில்லை, ஆய்வுக்கு வெளியே விற்கவும் அனுமதிக்கவில்லை. அந்தப் பணத்தைப் பொருத்தமான சக்கர நாற்காலிக்கும் மெத்தைக்கும் டியூப்புக்கும் செலவிடலாம். நடந்தாலும் நடக்காவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேனும் கிரியேட்டினின் பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் தவறாமல் செய்துகொள்ள வேண்டும்.